ஏழு நிமிடங்களும் நாற்பத்தெட்டு நிமிடங்களும்: வீட்டுக் கசரத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "எக்சர்சைஸ் ஏதாவது பண்றீங்களா?"

"நேரம் இல்லைங்க டாக்டர்."

"ஏழு நிமிஷம்கூடவா இல்ல? எங்கேயும் போக வேணாம். கருவி எதுவும் வேணாம். ஒரு சுவரு, ஒரு நாற்காலி, உங்க உடம்பு. அவ்ளோதான்."

நான் பதில் சொல்லவில்லை. ஏழு நிமிடம்கூட இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கப்போய்த்தான் இந்தக் கட்டுரை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு குமாஸ்தா தன் உடம்புக்கு ஏழு நிமிடம் ஒதுக்காதது ஒழுக்கக்கேடு என்று அவனே நம்புகிறான். ஆனால் மீதி நேரமெல்லாம் எங்கே போயிற்று, யார் எடுத்துக்கொண்டார்கள் என்கிற கேள்வி டாக்டருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

டாக்டர் சொன்ன ஏழு நிமிடம் 2013இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் ஓர் இதழில் வந்த திட்டம். எழுதிய இருவரும் பெருநிறுவன அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்துவந்த ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அதாவது ஹோட்டல் அறையில் தங்குகிற, அடுத்த கூட்டத்துக்கு ஓடுகிற உடம்புக்காக யோசிக்கப்பட்டது அது. மொத்தம் 12 பயிற்சிகள். கைகால் விரித்துக் குதிப்பது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமலே உட்கார்ந்திருப்பது, தண்டால், நாற்காலிமேல் ஏறி இறங்குவது, உட்கார்ந்து எழுவது, நின்ற இடத்தில் ஓடுவது என்று இப்படி. ஒவ்வொன்றும் 30 விநாடி, நடுவில் 10 விநாடி ஓய்வு. கூட்டிப் பார்த்தால் எட்டு நிமிடத்துக்குப் பத்து விநாடிதான் குறைகிறது. ஆனாலும் 'ஏழு நிமிடம்' என்றே அது உலகம் சுற்றியது. நேரத்தை விற்கிறவர்கள் ரூபாய்க்கு ஒரு பைசா குறைத்து விலைப்பட்டியல் போடுகிறவர்களைப் போலத்தான்.

செல்போனில் அந்தச் செயலியை இறக்கிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது விடியற்காலையில் கூடத்தில் நின்று செய்துகொண்டிருந்தேன். போன் 'பீப்' என்றதும் உட்கார்ந்தேன், எழுந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாடா இது, காலங்காத்தால தோப்புக்கரணம் போடற? யார் போடச் சொன்னா?"

யார் போடச் சொன்னார்கள்? நல்ல கேள்வி.

2

என் ஊர் மேல்சித்தாமூர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற ஊர் என்று சொன்னால் சிலருக்குத் தெரியும். செஞ்சிக் கோட்டைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அழைத்துப் போவார்கள். ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலுக்கும் களஞ்சியத்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டிடம் உண்டு. உடற்பயிற்சிக் கூடம் என்று அதற்குப் பெயர். உள்ளே ஒன்றும் இருக்காது. வளைவுக் கூரை, இருட்டு, வௌவால். பையன்கள் அங்கே தண்டால் எடுத்துக் காட்டுவோம்.

அந்தக் கூடம் களஞ்சியத்துக்கும் குதிரை லாயத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை. நெல், குதிரை, சிப்பாய் உடம்பு மூன்றும் அரசு சேமித்துவைக்கிற பொருள்கள். 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். ராஜாராமைப் பிடிக்க முகலாயப் படை 1690 முதல் 1698 வரை இதைச் சுற்றிக் கிடந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 2025இல் 'மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்' என்கிற வரிசையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆக இன்றைக்கும் இந்த இடத்தின் அடையாளம் இராணுவம்தான்.

நம் உடற்பயிற்சிச் சொற்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கசரத் அரபியில் கிளம்பி உருது வழியாக வந்தது. 'தண்டால்' வடக்கிலிருந்து வந்த 'தண்ட்'. உட்கார்ந்து எழுகிற 'பஸ்கி' தெலுங்கிலும் உண்டு. 'டிரில்' ஆங்கிலம். தமிழ் உடம்பு குனிந்து நிமிர்கிற ஒவ்வொரு அசைவின்மீதும் ஏதோ ஒரு படையின் பெயர் ஒட்டியிருக்கிறது. நமக்கென்று மிஞ்சியது தோப்புக்கரணம். அதுவும் வடசொல்லின் திரிபு என்பார்கள். ஆனால் அது எந்தப் படையோடும் வரவில்லை, பிள்ளையாரோடு வந்தது.

தோப்புக்கரணத்தின் கதையே தனி. கோயிலில் போட்டால் பக்தி. பள்ளிக்கூடத்தில் போட்டால் தண்டனை. 2005இல் சோவா கோக் சூயி என்பவர் 'சூப்பர் பிரெயின் யோகா' என்று பெயர் வைத்துப் புத்தகம் போட்டபிறகு அதுவே மூளை வளர்க்கும் பயிற்சி. அசைவு ஒன்றுதான்: காதைப் பிடித்து உட்கார்ந்து எழுவது. யார் சொல்லி, எங்கே, யார் பார்க்கச் செய்கிறோம் என்பதை வைத்து அதன் பொருள் தலைகீழாகிறது. உடம்பு தன்னளவில் ஒரு பிரதி அல்ல. அதன்மேல் எழுதுகிற கை எப்போதும் வேறு யாருடையதாகவோ இருக்கிறது.

காலனிய ஆட்சியில் இந்தக் கை பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. முதலில் சென்னை இராணுவத்துக்கும் பிறகு இந்திய இராணுவத்துக்கும் தலைமை தாங்கிய ஃபிரடெரிக் ராபர்ட்ஸ் தெற்கத்தியச் சிப்பாய்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று முடிவு கட்டினார். 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்கிற கோட்பாடு வலுத்தது. தென்னிந்தியர்களைப் படையில் சேர்ப்பது குறைந்தது. நம்மவர்களும் அதை நம்பினார்கள். படித்த வர்க்கம் 'நாம் பலவீனமானவர்கள்' என்கிற புண்ணைத் தடவிக்கொண்டே ஐம்பது வருஷம் கழித்தது. 1897இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், இளைஞர்களுக்கு கீதையைவிடக் கால்பந்து முக்கியம் என்கிற பொருள்படப் பேசியதும் இந்தப் புண்ணைத் தொட்டுத்தான். 1920இல் ஹாரி க்ரோ பக் என்கிற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். கிராமத்துப் பள்ளிவரைக்கும் டிரில் மாஸ்டர் வந்தார். ஒரு விசில், நூறு பையன்கள், ஒரே நேரத்தில் நூறு கைகள்.

மிஷல் ஃபூக்கோ 1975இல் எழுதிய நூலில் சிப்பாயின் உடம்பும் மாணவனின் உடம்பும் ஒரே நுட்பத்தால் செய்யப்படுவதைக் காட்டினார். அசைவைத் துண்டுதுண்டாக வெட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் வை, பார்த்துக்கொண்டிரு. எங்கள் டிரில் பீரியடைப் பார்க்காமலே அவர் அதை விவரித்துவிட்டார்.

3

அப்படியானால் வீட்டுக்குள் தனியாகச் செய்யும் கசரத்து இதிலிருந்து தப்பித்ததா? விசில் இல்லை, மைதானம் இல்லை, வரிசை இல்லை. கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் பார்க்கப்போவதில்லை. அதன் கவர்ச்சியே அதுதான்.

இந்த வகைக்கு நவீன முன்னோடி என்று ஜே. பி. முல்லர் என்கிற டென்மார்க்காரரைச் சொல்ல வேண்டும். இராணுவத்தில் பொறியாளராகவும் பிறகு ஒரு காசநோய் மருத்துவமனையில் மேற்பார்வையாளராகவும் இருந்தவர். 1904இல் அவர் வெளியிட்ட 'என் முறை' என்கிற புத்தகம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஒரு நாளைக்கு 15 நிமிடம். கருவி கிடையாது. அந்தப் பதினைந்துக்குள்ளேயே குளித்துத் துடைத்துக்கொள்வதும் அடக்கம். பிராஹாவில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த காஃப்கா ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இந்தப் பயிற்சியைச் செய்துவந்தார். பகலெல்லாம் அலுவலகம், இரவெல்லாம் எழுத்து, நடுவில் முல்லரின் பதினைந்து நிமிடம். நேரமற்ற குமாஸ்தாவின் உடம்பு உலக இலக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதே 1904-05இல்தான் யூஜின் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். தசைகளைக் காட்டிக் காசு வாங்கிய முதல் உலகப் பிரபலம். அவருடைய டம்பெல் தபாலில் வரும். அதை வாங்கிப் பழகியவர்களில் ஒருவர் மராத்திய நாட்டின் சிறு சமஸ்தானமான ஔந்தின் ராஜா, பவன்ராவ் பந்த் பிரதிநிதி. சில வருடம் சாண்டோ முறையைச் செய்த பிறகு அதை விட்டுவிட்டுச் சூரிய நமஸ்காரத்துக்கு மாறினார். 1928இல் அதைப்பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் போட்டார். 1938இல் அது லண்டனில் 'ஆரோக்கியத்துக்குப் பத்து அம்ச வழி' என்று வேறு உருவில் வந்தது. அவர் வாதம் எளிமையானது: செலவில்லை, கருவி இல்லை, இடம் வேண்டாம், நேரம் அதிகம் வேண்டாம், வீட்டில் ஆண் பெண் குழந்தை எல்லோரும் செய்யலாம். டாக்டர் என்னிடம் சொன்னதற்கும் இதற்கும் எத்தனை சொல் வித்தியாசம்?

1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை நடந்தது. அதே அரண்மனையில் பெங்களூர் கே. வி. ஐயர் முறையிலான உடற்பயிற்சிக் கூடமும் இருந்தது. ஐயர் சாண்டோ பாணித் தசைக்கலையையும் சூரிய நமஸ்காரத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர். தபால்வழிப் பயிற்சியும் நடத்தியவர். கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்கு வந்தார். இன்று மயிலாப்பூரிலும் மான்ஹாட்டனிலும் 'ஐயாயிரம் வருடப் பழமை' என்று விற்கப்படும் பயிற்சிகளில் எது பழையது, எது முல்லர்-சாண்டோ காலத்தின் சரக்கு என்று பிரித்தெடுப்பது சுலபமில்லை. 2010இல் மார்க் சிங்கிள்டன் இந்தக் கலவையைப்பற்றி ஒரு நூலே எழுதினார். எது சுதேசி எது விதேசி என்கிற சண்டை எனக்கு முக்கியமில்லை. இவர்கள் எல்லோருமே ஒரே வாடிக்கையாளனைப் பார்த்துப் பேசினார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. சொந்தமாக ஒரு அறையும், உட்கார்ந்து செய்கிற வேலையும், கடிகாரமும் உள்ளவன் அவன்.

1950களின் கடைசியில் கனடாவின் விமானப்படை பில் ஓர்பன் என்பவரைக் கொண்டு 5பிஎக்ஸ் என்று ஒன்றை உருவாக்கியது. ஐந்து பயிற்சிகள், ஆண்களுக்கு 11 நிமிடம். பெண்களுக்கு 12 நிமிடத்தில் வேறொன்று. பனிப்பிரதேசத்து முகாம்களில் கூடம் இல்லாத இடத்திலும் செய்யலாம். அது சிறு புத்தகமாக வீடுகளுக்கும் போனது. ஆக, 15 நிமிடம் 11 ஆகி, 11 ஏழாகி இருக்கிறது. நூறு வருடத்தில் பாதிக்கும் கீழே. இதை விஞ்ஞான முன்னேற்றம் என்று சொல்லலாம். குறைந்த நேரத்தில் கடுமையாகச் செய்தால் இதயமும் நுரையீரலும் பலப்படுகின்றன என்பது பொய்யல்ல. ஆனால் இந்தப் பட்டியலை வேறு மாதிரியும் வாசிக்கலாம்: ஒருவன் தன் உடம்புக்காகக் கேட்கத் துணிகிற நேரம் சுருங்கிக்கொண்டே வந்த கதை இது. கூடத்தில் நான் தனியாகத்தான் நின்றேன். ஆனால் 'பீப்' என்றதும் உட்கார்ந்தேன். டிரில் மாஸ்டரின் விசில் என் வேட்டி மடிப்புக்குள் வந்துவிட்டது.

4

எங்கள் தாத்தாவுக்கு வேறொரு கணக்கு இருந்தது.

அவர் தினம் சாமாயிகம் செய்வார். இல்லறத்தில் இருக்கிற சமணர்களுக்கான விரதங்களில் ஒன்று இது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தில் சொல்லப்பட்டது. அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் உண்டு. துறவிக்கு முழுநாளும் தவம். வீட்டில் இருக்கிறவனுக்கு அது முடியாது. விதைப்பு, அறுவடை, வியாபாரம், கல்யாணம், கருமாதி. ஆகவே ஒரு முகூர்த்தம் மட்டும், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம், அவன் துறவியைப்போல இருந்தால் போதும். 'நேரமில்லாதவனுக்கு வீட்டிலேயே' என்கிற யோசனையை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சமணம் யோசித்திருக்கிறது.

அதில் உடம்புக்கும் வேலை உண்டு. நான்கு திசைக்கும் திரும்பி, ஒவ்வொரு திசையிலும் கூப்பிய கையை மூன்று சுற்றுச் சுற்றி, ஒருமுறை தலை தாழ்த்த வேண்டும். நடுவில் காயோத்சர்க்கம். கையைத் தொங்கவிட்டு ஆடாமல் நேராக நிற்பது. அந்தச் சொல்லுக்கு உடம்பைக் கைவிடுதல் என்று பொருள். ஒன்பது தடவை பஞ்ச நமஸ்காரம் சொல்வார்கள், இருபத்தேழு மூச்சுக் கணக்கில். அலகு விநாடி இல்லை, மூச்சு. வயசானவனின் இருபத்தேழு மூச்சும் சின்னப் பையனின் இருபத்தேழு மூச்சும் ஒரே நேரம் ஆகாது. யாரும் யாரையும் முந்த முடியாத கணக்கு.

எங்கள் ஊர்ப் பாறையில் செதுக்கியிருக்கிற பாகுபலி இந்த நிலையில்தான் நிற்கிறார். 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். கொடி காலைச் சுற்றி ஏறியிருக்கும். பக்கத்தில் பார்சுவநாதர். அண்ணனோடு மல்யுத்தம் செய்து ஜெயித்த பின், ஜெயித்ததே வெட்கமாகப் போய், அசையாமல் நின்றவர் பாகுபலி என்பது கதை. பலம் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறவன் பலத்தைப் பயன்படுத்த மறுத்து நிற்கிறான். செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்றில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சந்திரநந்தி என்கிற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்டதை அங்கே பாறையில் பழைய எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் கோட்டையின் உடற்பயிற்சிக் கூடம். மறுபக்கம் இந்தப் பாறைகள். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

இங்கே ஒரு சௌகரியமான முடிவுக்கு வந்து நான் கட்டுரையை முடித்திருக்கலாம். மேற்கின் கடிகாரம் எதிர் நம்முடைய மூச்சு. காலனிய டிரில் எதிர் சமணக் காயோத்சர்க்கம். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் கைதட்டவில்லை.

"உங்க தாத்தா கண்ண மூடி நிப்பாரு. அந்த நேரத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டுனது யாரு? நெல்லு குத்துனது யாரு? பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு ஆவணும்னு அடுப்புல வெந்துக்கிட்டு இருந்தவ யாரு? எனக்கு எவன் நாப்பத்தெட்டு நிமிஷம் குடுத்தான்?"

அவள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அதை நான்தான் சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தில் சேரியிலிருந்து வந்த படியாட்கள் இருந்தார்கள். நடவுக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். தாத்தா எந்த உயிரையும் வருத்தக்கூடாது என்று பாதையைப் பார்த்துப் பார்த்து நடப்பவர். அவருடைய 48 நிமிட அசையாமைக்குக் கீழே சேற்றில் குனிந்தபடி அசைந்துகொண்டிருந்த உடம்புகளை அந்த விரதம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மூச்சுக் கணக்கானாலும் விநாடிக் கணக்கானாலும் ஒருவன் தன் உடம்போடு தனித்திருக்கிற நேரம் இன்னொருவரிடமிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். கருவி வேண்டாம், இடம் வேண்டாம், செலவு வேண்டாம் என்கிற ஔந்து ராஜாவின் பட்டியலில் விட்டுப்போனது இதுதான்: வேறு யாராவது வேலை செய்ய வேண்டும்.

5

"வயக்காட்டுல வேலை செய்யறவனுக்கு எதுக்கு எக்சர்சைஸ்? அதான் உடம்பு இரும்பா இருக்கே" என்று நம்மில் பலர் சொல்கிறோம். அம்மி அரைத்த காலத்தில் பெண்களுக்கு வியாதியே இல்லை என்று மேடையில் முழங்குகிறவர்களும் உண்டு. இது பாராட்டுபோலத் தோன்றுகிற ஒரு வன்முறை.

2018இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. வேலையில் உடலுழைப்பு அதிகமாக இருக்கிற ஆண்களுக்கு, குறைவாக இருக்கிற ஆண்களைவிட, சீக்கிரம் சாகும் வாய்ப்பு 18 சதவீதம் அதிகம் என்று அது கண்டது. ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சியோ ஆயுளைக் கூட்டுகிறது. இதை ஆய்வாளர்கள் 'முரண்' என்கிறார்கள். உழைத்துப் பார்த்தவர்களுக்கு இதில் முரண் எதுவும் இல்லை. பயிற்சியில் முப்பது விநாடி குனிந்தால் பத்து விநாடி நிமிரலாம். நடவில் நிமிர்கிற நேரத்தை வரப்பில் நிற்கிறவன் தீர்மானிக்கிறான். பயிற்சியில் நெஞ்சு படபடத்து அடங்குகிறது. மூட்டை தூக்குகிறவனுக்கு அடங்க விடுவதில்லை. அசைவு ஒன்றே. அதை நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் உடம்பு வளர்வதும் தேய்வதும் இருக்கிறது.

நிற்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பாகுபலி நிற்கிறார், கும்பிடுகிறோம். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நகரத்துத் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற பெண்களும் நிற்கிறார்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு சாத்துகிறவரை. வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்காரக் கூடாது. காலில் நரம்பு புடைத்துக் கொடிபோலச் சுற்றிக்கொள்கிறது. கேரளத்தில் பெண்கள் போராடி 2018இல் உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று ஆக்கினார்கள். உட்கார்ந்து எழுவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்ட சமூகம் இது. டாக்டர் எனக்குச் சிபாரிசு செய்த அந்த நாற்காலி சிலருக்குச் சட்டமன்றம் வழியாகத்தான் வரவேண்டியிருந்தது.

2020இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையைப் புதுப்பித்தது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு. பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் வரும் என்றிருந்த பழைய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஒரு நிமிடம் ஆனாலும் கணக்கு உண்டு. இது நேரமில்லாதவர்களுக்கு நல்ல செய்தி, சந்தேகமில்லை. ஆனால் மேலாளர்களுக்கும் நல்ல செய்திதான்: தொழிலாளிக்கு நேரம் தரவேண்டியதில்லை, இருக்கிற இடுக்கிலேயே அவன் ஆரோக்கியமாக இருந்துகொள்ளலாம்.

6

ஃபூக்கோவைப் படித்த சூட்டில் உடற்பயிற்சி என்றாலே ஒடுக்குமுறை என்று எழுதிவிடுவது சுலபம். நானே இளவயதில் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை. ஏனென்றால் மூன்று மாதம் கழித்து என் சர்க்கரை அளவு இறங்கியிருந்தது. மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் மாடிப்படி ஏறினால் இளைப்பதில்லை. முதல் நாள் சுவரில் கையூன்றித்தான் தண்டால் எடுக்க முடிந்தது. பிறகு நாற்காலியில் ஊன்றி, இப்போது தரையில் ஒன்பது எடுக்கிறேன். கை நடுங்குகிற அந்த ஒன்பதாவதில், முப்பது வருஷம் கோப்புகளுக்குக் கொடுத்த இந்த உடம்பு கொஞ்ச நேரம் என்னுடையது என்று தோன்றுகிறது. அந்த உணர்வைக் கோட்பாட்டால் ஊதி அணைத்துவிட எனக்கு மனமில்லை. ஒடுக்குகிற நுட்பமே தன்னிலையை மீட்கும் நுட்பமாகவும் ஆகலாம் என்று கடைசிக் காலத்தில் கிரேக்கர்களைப் படித்து ஃபூக்கோவே யோசிக்கத் தொடங்கவில்லையா?

ஆனால் இந்த ஏழு நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டு திருப்தியடைந்தால் டாக்டர் முன்னால் நான் பட்ட வெட்கம் என்னுடைய குற்றமாகவே நின்றுவிடும். நேரமில்லாமல் போனது என் சோம்பலால் மட்டுமா? 1886இல் சிகாகோவில் எட்டு மணி நேரம் கேட்டவர்கள் வேலைக்கு எட்டு, ஓய்வுக்கு எட்டு, மீதி எட்டு எங்கள் விருப்பத்துக்கு என்றார்கள். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. தாத்தாவின் 48 நிமிடத்துக்கும் இந்த 48 மணிக்கும் எண் ஒன்றானது தற்செயல். ஆனாலும் இரண்டும் 'இதற்குமேல் உன்னால் என்னை எடுக்க முடியாது' என்று போட்ட கோடுகள்தாம். ஒன்று ஒருவன் தனக்காகப் போட்டுக்கொண்டது. மற்றது பலர் சேர்ந்து பலருக்காகப் போட்டது.

2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஆலைகளில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழி செய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். அந்தப் பத்து நாளில் யாரும் அதை உடற்பயிற்சிப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. சர்க்கரை நோய் மாநாடுகளில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலைக்குப் பன்னிரண்டு, பேருந்துக்கு மூன்று, தூக்கத்துக்கு ஏழு, சமையலுக்கும் துவைப்பதற்கும் இரண்டு. கூட்டிப் பாருங்கள், இருபத்து நான்கு வந்துவிட்டது. டாக்டரின் ஏழு நிமிடத்தை இதில் எங்கிருந்து கிள்ளுவது? தூக்கத்திலிருந்தா? சமையல் நேரத்தில் கிள்ளினால் அது பெண்டாட்டியின் தூக்கத்தில் போய் விழும்.

ஆகவே வீட்டுக் கசரத்தின் வரலாற்றை முல்லர், சாண்டோ, ஔந்து ராஜா, மைசூர் அரண்மனை என்று பெயர்களின் வரிசையாக எழுதினால் அது பாதி வரலாறுதான். மறுபாதி வேலை நேரத்தின் வரலாறு. தண்டால் எத்தனை எடுக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். அந்தத் தண்டாலுக்கு முன்னும் பின்னும் எத்தனை மணி நேரம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று கேட்க, டாக்டர்கள், யோகா ஆசிரியர்கள், தொழிற்சங்கக்காரர்கள் மூவரும் ஒரு மேடையில் உட்கார வேண்டும். இதுவரை அப்படி ஒரு மேடையை நான் பார்க்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போனேன். இந்தத் தடவை 'பீப்' சத்தத்தை நிறுத்திவிட்டு மூச்சை எண்ணிக்கொண்டு செய்தேன். தாத்தாவின் இருபத்தேழுக்குள் எனக்குப் பத்து பஸ்கிதான் வந்தது. அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டேன். முழங்கால் தேய்ந்துபோனவள். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் மெல்ல எழுந்திருக்கச் சொன்னேன். நாலு தடவை எழுந்தாள். ஐந்தாவதுக்கு உட்கார்ந்தே விட்டாள்.

"போதும்டா. அடுப்புல பால் வச்சிருக்கேன்."

நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். ஐந்தாவது தடவைக்கு எழுந்தாள்.